வலிமிகும் இடங்கள்

கெடாவில் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். வெள்ளியும் சனியும் எங்களுக்கு விடுமுறை. கோலாலம்பூரில் இருக்கும் என் தங்கைக்கு இது இன்னும் மண்டையில் ஏறவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு, நான் வகுப்பில் நிற்கும்போது சாவகாசமாக அழைப்பாள். ஆகவே நான் சொல்லப்போவது ஒரு சனிக்கிழமை ராத்திரி நடந்தது என்றால், விடிந்தால் பள்ளிக்கூடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

2021 ஜூன் மாதத்தின் கடைசிச் சனி. அந்த மாதம் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் கொரோனா அடைப்பு. ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் வெளியே போகலாம், பத்துக் கிலோமீட்டருக்குள். மாநில எல்லையில் போலீஸ் தடுப்பு. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன ஜொகூரிலேயே தங்கிவிட்டார். சுங்கைப்பட்டாணியில், ஜெராய் மலையைப் பார்த்த மாதிரி இருக்கும் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு அப்போது 77 வயது.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நான்காம் ஆண்டுக்குத் தமிழ்மொழி. வகுப்பு கைப்பேசியில் நடந்தது. ஆனால் ஒன்பது பிள்ளைகள் கைப்பேசியில் இல்லை. ஒரு வீட்டில் ஒரே போன், அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். இன்னொரு வீட்டில் போன் உண்டு, டேட்டா கிடையாது. ஒரு பையன் இன்னும் தோட்டத்துக்குள் இருந்தான்; செம்பனைக்கு நடுவில், மழை வந்தால் ஒரு கோடு சிக்னல்கூட வராது. இந்த ஒன்பது பேருக்கும் வாரா வாரம் பயிற்சித்தாள் அச்சடித்து, பின் அடித்து, ஞாயிறு காலை பள்ளி வாசலில் காவலாளி மேசைமேல் வைத்துவிட வேண்டும். பெற்றோர் மோட்டாரில் வந்து, எஞ்சினை அணைக்காமலே, எடுத்துப் போவார்கள்.

பள்ளியில் பெரிய நகல் இயந்திரம் இருந்தது. ஆனால் பள்ளிக்குள் யார், எப்போது வரலாம் என்பதற்கு அப்போது ஒரு பட்டியல். என் முறை வருவதற்குள் வாரம் முடிந்துவிடும். அதனால் வீட்டு பிரிண்டர்தான். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன் வாங்கிக் கொடுத்தது. கீழே தட்டு, மேலே ஸ்கேனர், நாலு வண்ண மை, இரண்டு பக்கமும் தானாகவே அச்சடிக்கும் வசதி. அந்தக் கடைசி வசதிதான் அன்றைக்குக் காலை வாரியது.

அந்த வாரப் பாடம் இலக்கணம். அந்த, இந்த, எந்த என்ற சொற்களுக்குப் பின்னால் க், ச், த், ப் மிகும் என்பது. அந்தப் பையன், இந்தக் கடை, எந்தத் தெரு. பாடத்தின் பெயர் ‘வலிமிகும் இடங்கள்’. முப்பது வருடமாக இந்தத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதி முடித்துத் திரும்பினால் எவனாவது ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகாமல் இருந்ததில்லை. வல்லினத்தை ‘வலி’ என்று சுருக்கிய புண்ணியவான் வகுப்பறைப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பாடத்தின் பெயரும் பக்க எண்ணும் வரும்படி வைத்திருந்தேன். ஒரு பிள்ளைக்கு ஆறு தாள், இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு பக்கம். ஒன்பது பிள்ளைகளுக்கு 54 தாள். பதினொரு மணிக்கு ஆரம்பித்தால் அரை மணியில் முடியும் என்று கணக்குப் போட்டு, கோப்பி கலக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே மழை.

எட்டாவது தாளோ ஒன்பதாவது தாளோ, முதல் பக்கம் அச்சாகி வெளியே பாதி வந்தது. ஒரு நிமிடம் நின்றது. பிறகு மறுபக்கம் அடிப்பதற்காக உள்ளே பின்வாங்கியது. கரகரவென்று ஒரு சத்தம். வெற்றிலையைக் குதப்பும் கிழவி வாய் மாதிரி இரண்டு அரைப்பு. பிறகு நின்றுவிட்டது. ஆரஞ்சு விளக்கு மின்னியது. சின்னத் திரையில் மலாயில் ‘கெர்த்தாஸ் தெர்செக்காட்’. காகிதம் சிக்கிக்கொண்டதாம். நாங்கள் சும்மா ‘ஜாம் ஆயிடுச்சு’ என்போம்.

நான் என்ன செய்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆசிரியை; பிள்ளைகளுக்குப் பொறுமை என்று கட்டுரை எழுதக் கொடுப்பவள். முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த தாளின் ஒரு மூலையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். தாள் வந்தது. முக்கால் தாள் வந்தது.

மீதி எங்கே என்று குனிந்து பார்த்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை. மூடியைத் திறந்து மூடினேன், அதே எழுத்து. சுவிட்சை அணைத்துப் போட்டேன், அதே எழுத்து. தட்டை உருவிக் குலுக்கினேன். ஒரு பல்லி முட்டை ஓடு விழுந்தது, காகிதம் விழவில்லை. இயந்திரத்தைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்க்கலாமா என்றுகூட யோசித்தேன். மை நிரம்பிய பிரிண்டரை அப்படிக் கவிழ்த்திருந்தால் மேசைத் துணியோடு போயிருக்காது.

எங்கள் தாமான் முனையில் கம்ப்யூட்டர் கடை ஒன்று உண்டு. மூன்று வாரமாக ஷட்டர் இறங்கியே கிடந்தது. திறந்திருந்தாலும் ராத்திரி பதினொன்றரைக்கு யார் வருவார்? அண்ணன் மகன் கூலிமில் இருக்கிறான், ஹைடெக் பார்க்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷியன். முப்பது கிலோமீட்டருக்கு மேல். அந்த மாதத்தில் அது வெளிநாடு. வீடியோவில் கூப்பிட்டேன். தூங்காமல்தான் இருந்தான்.

“அத்தே, மொதல்ல பிளக்கப் புடுங்குங்க. சுவிட்ச் அணைச்சா போதாது, பிளக்கே வெளிய வரணும்.”

பிடுங்கினேன்.

“பின்னாடி திருப்புங்க. ஒரு மூடி இருக்கும். ரெண்டு பக்கமும் அமுக்கி இழுத்தா கழண்டு வரும்.”

எட்டு வருடமாக அந்த இயந்திரத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன். அதற்குப் பின்பக்கம் கழற்றும்படி ஒரு மூடி இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். கழன்றது. உள்ளே குறுக்காகக் கறுப்பு ரப்பர் உருளைகள், அவற்றுக்குக் கீழே ஒரு வளைந்த பாதை. கீழ்த்தட்டில் படுத்திருக்கும் தாள் பின்பக்கம் வந்து, இந்த வளைவில் ஒரு யு திருப்பம் அடித்து, மேலேறி, மைத்தலைக்குக் கீழே போய், முன்பக்கம் வெளியே வருகிறது. இரண்டாம் பக்கம் அச்சடிக்க வேண்டுமானால் இதே தாளை மறுபடி பின்னால் இழுத்து, அதே உருளையை ஒரு சுற்றுச் சுற்ற வைத்துப் புரட்டிக்கொள்கிறது. அதாவது, அப்போதுதான் மை பட்டு ஈரமாக, சுருளத் தயாராக இருக்கும் தாளைத்தான் மிக நெளிந்த வழியில் போகச் சொல்கிறது. மழை ராத்திரியில், பிரித்து வைத்து நாளான கட்டுத் தாளில்.

டார்ச் அடித்துப் பார்த்தும் கிழிந்த துண்டு கண்ணில் படவில்லை. பையன் சொன்னான்: “உள்ள ஒரு சின்ன கறுப்பு நாக்கு இருக்கும் அத்தே, பிளாஸ்டிக்குல. மிஷினுக்குக் கண்ணு கிடையாது. அந்த நாக்கு அமுங்கியிருந்தா பேப்பர் இருக்குன்னு நினைச்சுக்கும். நகத்தளவு துண்டு அதுமேல கிடந்தாலும் விடாது.”

இந்தக் களேபரத்தில் அம்மா எழுந்து வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. மேசையில் கிடந்த முக்கால் தாளை எடுத்துக் கிழிந்த விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஒரு கையால இழுத்தியா பாப்பா?”

எனக்கு 52 வயது. இன்னும் பாப்பாதான்.

“எப்படிம்மா தெரியும்?”

“கோணலா கிழிஞ்சிருக்கே. ரெண்டு கையும் விரிச்சுப் புடிச்சா இப்படிக் கிழியாது.” கொஞ்ச நேரம் இயந்திரத்தின் திறந்த முதுகைப் பார்த்தார். “இது ஷீட்டு மிஷினுல்ல?”

பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அம்மா பிறந்தார், நானும் அங்கேதான் பிறந்தேன். அம்மா பால்மரம் வெட்டியவர் என்பதுதான் எனக்குத் தெரிந்த கதை. விடியற்காலம் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவது, நெற்றியில் விளக்கு, உளி, மங்கு, காண்டாவாளி, ஒட்டுப்பால் சாக்கு. இதையெல்லாம் வைத்து நான் கட்டுரை எழுதியிருக்கிறேன், மாநில அளவில் ஒரு முறை பரிசும் வாங்கியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஐந்தாறு வருடம் அவர் ஸ்டோரில் ஷீட்டு மிஷினில் நின்றவர் என்பது என் கட்டுரையில் வராது. நான் கேட்டதில்லை. நான் பிறந்து வளரும்போது அந்த மிஷின் ஓடவும் இல்லை. ஸ்டோருக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும், நாங்கள் அதன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு லாரி ஓட்டுவோம். 1965இல் மலேசியா, கட்டி ரப்பருக்கு எஸ்.எம்.ஆர் என்ற தரத்தைக் கொண்டுவந்த பிறகு, பல தோட்டங்கள் பாலை லாரியில் ஏற்றிப் பெரிய ஆலைக்கு அனுப்பத் தொடங்கிவிட்டன. தோட்டத்திலேயே ஷீட்டு போடும் வேலை அப்படித்தான் குறைந்தது.

அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கூலிம் போனை ஒரு கோப்பி மங்குமேல் சாய்த்து வைத்திருந்தேன். பேரனுக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

வெட்டிக் கொண்டுவந்த பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, திராவகம் ஊற்றித் தட்டுகளில் உறைய விடுவார்கள். மறுநாள் அது கெட்டித் தயிர்போலச் சொதசொதவென்று நிற்கும். அதை எடுத்து இரண்டு உருளைக்கு நடுவில் கொடுக்க வேண்டும். ஒருத்தி சக்கரம் சுற்றுவாள், ஒருத்தி முன்னால் நின்று கொடுப்பாள், ஒருத்தி பின்னால் நின்று இரண்டு உள்ளங்கையிலும் வாங்குவாள். தண்ணீர் மேலே ஊற்றிக்கொண்டே இருக்கும். வழவழ உருளையில் மூன்று நான்கு முறை போய் மெலிந்து, கடைசியில் வரி வெட்டிய உருளையில் ஒரு முறை. பிறகு புகைவீட்டில் கம்பில் தொங்கும், நான்கைந்து நாள்.

“அந்த வரி எதுக்குப் பாட்டி? டிசைனா?” என்றான் பேரன்.

“டிசைனும் இல்ல ஒண்ணும் இல்ல. வரி இல்லாட்டி ஷீட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். புகையும் உள்ள போகாது, காயாது.”

நான் திறந்த வாயை மூடவில்லை. ஏனென்றால் சற்றுமுன்தான் பேரன் எனக்குக் காகிதத்தைப் பற்றி இதையே வேறு மாதிரி சொல்லியிருந்தான். ஒரு கட்டுத் தாளிலிருந்து ஒரே ஒரு தாளை மட்டும் எடுப்பது லேசான காரியமில்லை. மேலே இருக்கும் ரப்பர் உருளை தாளை இழுக்க வேண்டும். அடுத்த தாள் கூடவே வராமல் தடுக்க, கீழே ஒரு சின்னத் தடுப்புத் துண்டு உண்டு. உருளைக்கும் தாளுக்கும் உள்ள பிடி, தாளுக்கும் தாளுக்கும் உள்ள பிடியைவிட அதிகமாக இருக்கிற வரைக்கும் எல்லாம் சுபம். காற்றில் ஈரம் ஏறினால் தாள் ஊதிச் சுருண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். உருளையில் காகிதத் தூசி படிந்தால் அதன் பிடி போய்விடும். இரண்டும் ஒரே ராத்திரியில் நடந்தால் என் கதிதான்.

“சரி, சுத்திக்கிட்டா என்ன பண்ணுவீங்க?” என்றேன்.

“ஷீட்ட இழுக்கக் கூடாது. ரோலரத் திருப்பணும். ரோலரு குடுத்தது, ரோலருதான் திருப்பித் தரும். பின்பக்கமா சுத்து.”

உருளையின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பல்சக்கரம் தெரிந்தது. பின்பக்கமாகத் திருப்பப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது.

“அந்தப் பக்கம் சுத்தாது அத்தே, பூட்டியிருக்கும். பேப்பர் போற பக்கமே சுத்துங்க. அழுத்தாதீங்க.”

“எங்க மிஷினு ரெண்டு பக்கமும் சுத்தும்,” என்றார் அம்மா, கொஞ்சம் குறையாக. உடனே இன்னொரு யோசனை வந்தது அவருக்கு. “கொஞ்சம் குட்டிக்கூரா பவுடர் போட்டா வழுக்கிக்கிட்டு வந்துராதா? ஒட்டாம இருக்க ஷீட்டு மூட்டைக்கு மாவு மாதிரி ஒண்ணு பூசுவாங்க.”

“பாட்டி! வேணாம் பாட்டி! பவுடர் போட்டா மிஷின் செத்துரும்!”

அவன் கத்திய கத்தலில் போன் மங்கிலிருந்து வழுக்கி விழுந்தது.

நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு விரலை உள்ளே விட்டு நாக்கு எங்கே என்று தடவப் போனேன். அம்மா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். 77 வயதுப் பிடி இல்லை அது.

“இரு.”

“பிளக்கப் புடுங்கியாச்சும்மா.”

“இரு.” எழுந்து போய், சுவரோரம் தரையில் கிடந்த பிளக்கைத் தேடி எடுத்து, ஒயரை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, அந்தப் பிளக்கைத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். “இப்பக் கைய விடு.”

அப்போதுதான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது; பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அம்மாவின் இடது ஆள்காட்டி விரல் நுனி தட்டையாக இருக்கும். நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருக்கும். உளி பட்டது என்றுதான் நினைத்திருந்தேன். பரிசு வாங்கிய கட்டுரையில் ‘உளி பட்டு நசுங்கிய விரல்’ என்றே எழுதியிருந்தேன். உளி வெட்டும், நசுக்காது. எழுதிய எனக்கும் தோன்றவில்லை, பரிசு கொடுத்த நடுவர்களுக்கும் தோன்றவில்லை.

“மிஷினாம்மா?”

“பதினாறு வயசு. ஷீட்டு சுத்திக்கிச்சு. நிறுத்துன்னு சொன்னேன். அவ நிறுத்துனா. நா உள்ள கைய விட்டேன். எடுத்துட்டேன்னு நினைச்சு அவ சுத்திட்டா.” கொஞ்சம் நிறுத்தினார். “அவமேல தப்பில்ல. தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்காது.”

“டிரஸருகிட்ட காட்டுனீங்களா?” தோட்டத்து மருந்துக்காரரை அப்படித்தான் சொல்வோம்.

“கட்டுப் போட்டாரு. மூணு நாள் வேலைக்குப் போகல. மூணு நாளுக்கும் பேர் போடல.”

பேர் போடவில்லை என்றால் செக்ரோலில் வருகை விழவில்லை, சம்பளம் இல்லை. அதை அவர் சொன்ன விதத்தில், விரலைவிட அந்த மூன்று பெயர்தான் இன்னும் வலிப்பதுபோல இருந்தது. போனில் பையன் ஒன்றும் பேசவில்லை. வேலை செய்யும் இடத்தில் அவனுக்கு இதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்: இயந்திரத்துக்குள் கை விடும் ஆள், மின்சாரத்தைத் தானே பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பிற்பாடு ஒரு நாள் அதைச் சொன்னான். “பாட்டி பிளக்கை மடியில வச்சாங்கல்ல, அதேதான் அத்தே.”

பல்சக்கரத்தை நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தள்ளினேன். உருளை நகர்ந்தது. அரைச் சுற்று. ஒன்றுமில்லை. முக்கால் சுற்று. ரப்பரின் கறுப்பில் ஒரு வெள்ளை ஓரம், அரிசி அளவுக்கு, எட்டிப் பார்த்தது. புருவம் எடுக்கும் சாமணத்தைக் கொண்டுவரலாம் என்றேன். இரும்பு வேண்டாம், ரப்பரில் கீறல் விழும் என்றான் பையன். அம்மா நாக்கில் விரலைத் தொட்டு, நோட்டு எண்ணுவதுபோல அந்த ஓரத்தில் வைத்து, மெல்ல மெல்ல உரித்தார். உருளை ஒரு பல் நகர, துண்டு ஒரு பல் வெளியே வர, இரண்டு பேரும் மூச்சு விடாமல் அதைப் பின்தொடர்ந்தோம். கடைசியில் அது வந்தது. கட்டை விரல் அகலம், சாம்பலும் மையும் அப்பிய ஒரு கிழிசல். டக்கென்று சின்னதாக ஒரு சத்தம். நாக்கு நிமிர்ந்துவிட்டது.

டார்ச் வெளிச்சத்தில் துண்டைப் பிடித்துப் பார்த்தேன். தாளின் அடிப்பக்கம் அது. ‘மிகும் இட’ என்பது வரைக்கும் தெளிவாக இருந்தது.

பிளக்கைச் சொருகினேன். ஆரஞ்சு விளக்கு மின்னவில்லை. ஆனால் கதை முடியவில்லை. இப்போது உருளை சுற்றுகிறது, தாளை எடுக்கவே மாட்டேன் என்கிறது. மறுபடி பிளக், மறுபடி அம்மா மடி. கீழ்த்தட்டை உருவி, தாளைக் கவ்வும் உருளையைக் காட்டினேன். அம்மா கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்துப் பார்த்தார்.

“வழவழன்னு போச்சு. நல்ல ரப்பரு விரலப் புடிக்கணும்.”

ரப்பர் என்று ஆங்கிலத்தில் பெயர் வந்ததே இந்தத் தேய்ப்பினால்தான். 1770இல் பிரீஸ்ட்லி என்ற அறிஞர், பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்க இது உதவுகிறது என்று எழுதினார். தேய்ப்பது என்ற சொல்லே பொருளுக்குப் பெயராகிவிட்டது. பிரிண்டரில் இருப்பது மரத்துப் பாலா, எண்ணெயிலிருந்து வந்த செயற்கை ரப்பரா என்று உறையில் எழுதுவதில்லை, பெரும்பாலும் செயற்கைதான். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அப்பாவின் பழைய வேட்டித் துணியைத் தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்து, உருளையைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். துணியில் சாம்பல் நிறத்தில் காகிதத் தூசி வந்துகொண்டே இருந்தது. நாலாவது முறை துணி வெள்ளையாக வந்தது. மறுபடி கட்டைவிரல். இந்த முறை உருளை விரலைப் பிடித்தது, சின்னதாகக் கீச்சென்றது.

அது காய்வதற்குக் காத்திருந்தபோது பையன் ஒரு கதை சொன்னான். அமெரிக்காவில் எம்.ஐ.டி ஆய்வகத்துக்கு 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரை நன்கொடையாகக் கொடுத்தது. அது வேறு மாடியில் இருந்தது. அடிக்கடி ஜாம் ஆகும். அடித்திருப்பார்கள் என்று நம்பி இறங்கிப் போனால் வெறும் தட்டு இருக்கும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், ஜாம் ஆனதும் எல்லோருடைய திரைக்கும் செய்தி போகும்படி நிரலை மாற்றலாம் என்று மூல நிரலைக் கேட்டார். பழைய பிரிண்டரில் அப்படித்தான் செய்திருந்தார். இந்த முறை தர மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் உள்ளே கனன்று, 1983இல் கட்டற்ற மென்பொருளுக்கான ‘குனு’ திட்டத்தை அவர் அறிவித்ததில் போய் நின்றது. நான் பிற்பாடு தேடிப் படித்ததில் எனக்குப் பிடித்தது வேறு: 1959இல் வந்த ஜெராக்ஸ் 914 நகல் இயந்திரம், தாள் சிக்கினால் சூட்டில் தீப்பிடிக்குமாம். அதனால் இயந்திரத்தோடு ஒரு சின்னத் தீயணைப்பானையும் கொடுத்தார்கள். தீயணைப்பான் என்று சொன்னால் வாங்குகிறவர் பயந்துவிடுவார் என்று ‘கருகல் நீக்கி’ என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்தார்களாம். விற்பவர்களின் மொழி எல்லா ஊரிலும் இப்படித்தான்.

அம்மா ஸ்டால்மன் கதையைக் கடைசிவரை கேட்டார். “கடைசியில அந்தப் பேப்பர யாரு எடுத்தா?” என்றார். பையனிடம் பதில் இல்லை.

நள்ளிரவு தாண்டி ஆரம்பித்தோம். இரட்டைப் பக்க வசதியை அணைத்துவிட்டேன். முதலில் ஒரு பக்கம் மட்டும். அடித்து வந்த தாள்களை அம்மா தரையில் பாய் விரித்துப் பரப்பினார், மின்விசிறிக்குக் கீழே. மழை ராத்திரியில் மின்விசிறிக் காற்றுக்குப் பெரிதாக என்ன காய்ந்துவிடப் போகிறது? ஆனால் தாள்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து கிடந்தன, மை உலர்ந்தது, சுருள் கொஞ்சம் அடங்கியது. அது போதுமாக இருந்தது. இடம் பற்றாதபோது பத்துப் பதினைந்து தாளைத் துணி காயப்போடும் கம்பியில் கிளிப் போட்டு மாட்டினார். சாமி மேடைக்கும் டிவிக்கும் நடுவில் வரிசையாக வெள்ளைத் தாள்கள் ஆடிக்கொண்டிருந்தன. “புகை ஒண்ணுதான் குறைச்சல்,” என்றார்.

இரண்டாம் பக்கத்துக்குத் தாளை வரிசை மாறாமல் பொறுக்கி, விளிம்பு தட்டி, விசிறி மாதிரி ஒரு முறை பிரித்து விட்டு என் கையில் கொடுத்தார். எழுத்துப் பக்கம் மேலேயா கீழேயா என்பதில் நான் இரண்டு முறை தப்புச் செய்தேன், அவர் செய்யவில்லை. கடைசித் தாள்களுக்கு அவரே முன்பக்கம் வந்து நின்றுகொண்டார். பிரிண்டருக்கு வெளியே தாள் தானாகவே வந்து விழத் தட்டு இருக்கிறது. அதை நம்பாமல், வரும் தாள் ஒவ்வொன்றையும் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வாங்கினார். ஒவ்வொன்றையும் குழல் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். ஷீட்டை அப்படித்தான் பார்ப்பார்களாம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே குமிழியும் அழுக்கும் தெரியும், அதை வைத்துத்தான் கிரேடு.

“வரி விழுந்திருக்கு பாப்பா.”

எட்டிப் பார்த்தேன். தாள் நெடுகப் புள்ளி புள்ளியாகத் தடம். ஈரத் தாளில் வெளியேற்றும் பல்சக்கரங்கள் பதிந்தது.

“வேற அடிக்கணுமாம்மா?”

“எதுக்கு? வரி விழுந்ததுதான் முதல் தரம்.” கட்டின்மேல் வைத்துவிட்டு அடுத்த தாளுக்குக் கையை விரித்தார்.

மூன்று மணிக்குப் படுத்தோம். ஏழரைக்குப் பள்ளி வாசலில் ஒன்பது கட்டையும் வைத்தேன். எட்டரைக்குள் எட்டு போய்விட்டது. ஒன்பதாவது தோட்டத்துப் பையனுடையது. அவன் அப்பா செம்பனைக் குலை இறக்கிவிட்டு, மழைச்சட்டையோடு பத்து மணிக்கு வந்தாராம். அந்த வாரத்துக்குள்தான் ஊரெங்கும் உதவி தேவைப்படும் வீடுகளில் வெள்ளைத் துணி கட்டச் சொல்லும் இயக்கம் தொடங்கியது. எங்கள் தாமானில் இரண்டு வீட்டில் கட்டினார்கள். அம்மா அரிசியும் சாடின் டின்னும் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு, மணியடித்துவிட்டு வந்துவிடுவார்.

பயிற்சித்தாள்கள் திரும்பி வர இரண்டு வாரமானது. சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தோட்டத்துப் பையனின் தாளில் கடைசிக் கேள்வி: ‘வலிமிகும் இடங்கள் ஐந்தினை எழுதுக.’ அவன் கஷ்டப்பட்டு, அழித்து அழித்து, எழுதியிருந்தான். பல். முட்டி. தலை. அப்பாவோட தோள். ஆயாவோட இடுப்பு.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாளை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். கீரைக் கையைத் துடைத்துக்கொண்டு, தாளைத் தள்ளிப் பிடித்து, கேள்வியை ஒரு முறையும் பதிலை ஒரு முறையும் வாசித்தார். சிரிக்கவில்லை.

“சரியாத்தான எழுதியிருக்கான். மார்க் போடு.”

சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு நான் யோசித்தேன். அம்மா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீரையை எடுத்தார். ரெண்டு காம்பு உருவியபிறகு, நிமிராமல் சொன்னார்:

“விரல விட்டுட்டான்.”